கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு ஜன்னல்

— தொடாதடி மாய்க்கே! திராட்சை இன்னும் ஈரம்.

— தொடல நெல்லாக்கா. மூக்கைத்தான் கிட்ட கொண்டுபோனேன். வாசனை வருமோன்னு ஒரு நெனப்பு.

— வரும் வரும், ஆளிவிதை எண்ணெய் வாசனை வரும். மூக்குல பச்சையை அப்பிக்கிட்டுத் தெருவுல போய் நிக்காத. நெஜத் திராட்சை தட்டுல இருக்கு பாரு, அதை எடுத்துத் தின்னு. அதை வரைஞ்சு முடிச்சாச்சு.

— தின்னலாமா? அன்னிக்கு பீச் பழத்தை ஏறெடுத்துப் பாத்ததுக்கே என் கையில ஒரு அடி வெச்சே!

— அப்போ அதுக்கு வேலை இருந்துச்சு. நீ ஒரு கடி கடிச்சிருந்தா, மிச்சத்தை வரைய அடுத்த கோடை வரைக்கும் நான் உக்காந்திருக்கணும்.

— உக்காந்திருந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும்.

— என்ன முனகறே?

— ஒண்ணுமில்லக்கா, என்னவோ. எல்லாம் எப்படி ஒண்ணா நிக்குது பாரு. பனி உருகறப்ப வந்த வெள்ளைப் பூ, ஈஸ்டருக்கு வந்த டூலிப், கோடை ரோஜா, இன்னிக்குத் திராட்சை. நெஜத்துல இதுங்க ஒண்ணை ஒண்ணு பாத்திருக்குமா?

— எங்க பாக்க? ஒண்ணு மண்ணுக்குள்ள போனாத்தான் இன்னொண்ணு தலையைத் தூக்கும். நான்தான் ஒவ்வொண்ணுக்கும் இடம் விட்டு, அது வர்ற வரைக்கும் காத்துக் கெடந்து, ஒரு வருஷமா இந்தக் கொத்தைச் சேத்திருக்கேன். ஐரிஸ் பூவுக்கு விட்ட இடம் பல்லு போன வாய் மாதிரி எவ்வளவு நாள் இளிச்சுக்கிட்டு இருந்துச்சு தெரியுமா?

— மத்தவங்கன்னா பழைய படத்தைப் பாத்து அன்னிக்கே வரைஞ்சு தள்ளியிருப்பாங்க.

— தள்ளுவாங்க. இந்த மிடில்பர்க் ஊருல அப்படித் தள்ற ஆளுங்க தெருவுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. நான் மாட்டேன். கண்ணுக்கு முன்னால இல்லாததை என் தூரிகை தொடாது. அந்தத் தண்டுல ஏறுது பாரு எறும்பு, அது கூட நெஜ எறும்பு.

— நீ தேன் தடவி வெச்சுக் கூப்பிட்ட எறும்பு.

— கூப்பிட்டாலும் வந்துச்சா இல்லையா? வந்தது கணக்குத்தான். சரி, வெளிச்சத்தை மறைக்காம இப்படி என் பக்கத்துல உக்காரு. இன்னிக்கு முடிச்சிரலாம்.

— இன்னிக்கேவா? இன்னும் குடுவையே வரையலியே.

— அது மட்டுந்தான் பாக்கி. ஜன்னல் நம்ம முதுகுக்குப் பின்னால இருக்கு. மேசை மேல இருக்கற குடுவையோட கண்ணாடி வயித்துல அது கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியுது பாத்தியா? அந்த ஜன்னலை உள்ள வெச்சுட்டா, குடுவையில தண்ணி நின்னுரும். வேலை முடிஞ்சுது. ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படிச் செத்துப் போகுது? வேற எவளாச்சும்னா இந்நேரம் படத்தை மாட்ட வீட்டுல ஆணி அடிச்சு வெச்சிருப்பா.

— முடிஞ்சா நான் பதில் சொல்லணும்க்கா.

— யாருக்கு?

— லீவனுக்கு. ஊர் மதிலுக்கு வெளியில பூக்கிழங்குத் தோட்டம் வெச்சிருக்காரே, அவர். என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டார். போன இலையுதிர் காலத்துல.

— அடிப் பாவி! ஒரு வருஷமா என் பக்கத்துல உக்காந்து ஊர்க் கதையெல்லாம் பேசினே, இதை விட்டுட்டியே!

— எப்படிச் சொல்ல? என் புருஷன் மரினுஸுக்காகச் செய்யச் சொன்ன படம் இது. கிழக்கே கப்பலேறிப் போனவர் திரும்பி வந்தா, தான் பாக்காத பூவையெல்லாம் ஒரே பார்வையில பாக்கட்டும்னு சொல்லித்தானே உன்கிட்ட வந்தேன். அந்த வாயாலயே இன்னொருத்தர் கேட்டார்னு சொல்ல முடியுமா?

— ஏழு வருஷம் ஆச்சு மாய்க்கே. கூடப் போன கப்பலெல்லாம் வந்து, சரக்கு எறக்கி, திரும்பவும் போயாச்சு.

— தெரியும். சபைப் பெரியவங்களும் வந்து, இனி நீ வேற கல்யாணம் கட்டிக்கத் தடையில்ல அம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கென்ன, சொல்லிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாங்க. லீவன்கிட்ட நான் சொன்னேன், மரினுஸோட படம் முடியட்டும், முடியற அன்னிக்குப் பதில் சொல்றேன்னு. சரின்னார். அது வரைக்கும் உங்க வாசப்படியை மிதிக்க மாட்டேன்னார்.

— மிதிச்சாரா?

— இல்ல. அந்த விஷயத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூட இல்ல. மனசு மாறிட்டாரோ என்னவோ. மாறியிருந்தா எனக்கும் சுலபம்.

— சுலபம்னு சொல்றவ ஏன் அந்தக் கைக்குட்டையை இந்த முறுக்கு முறுக்கறே?

— நெல்லாக்கா, ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது.

— கேளு. கோவம் வந்தா அப்புறம் பாத்துக்கலாம்.

— குடுவைக்குள்ள ஜன்னல் போடறப்ப, அந்த ஜன்னலுக்கு வெளியில மரினுஸ் நிக்கற மாதிரி ஒரு சின்ன உருவம் போடேன். இறகு வெச்ச தொப்பியோட. ஒரு கடுகளவு போதும். வேற யாருக்கும் தெரியவே வேணாம்.

— போட்டா?

— போட்டா, அவர் வந்த மாதிரி. என் புருஷன் வீட்டுல இருக்கார்னு லீவன்கிட்ட முடியாதுன்னு சொல்லிருவேன். அதுக்கப்புறம் நிம்மதியா இருப்பேன்.

— கடுகைப் பாத்துக்கிட்டு வாழப் போறியா?

— எத்தனையோ பேரு அது கூட இல்லாம வாழறாங்க.

— சரி, சொல்லு. மரினுஸுக்குக் கண்ணு என்ன நெறம்?

— கடுகளவு உருவத்துல கண்ணு எங்கக்கா தெரியப் போகுது?

— எனக்குத் தெரியணும். நெறம் என்ன?

— நீலம்... இல்ல, கொஞ்சம் சாம்பல் மாதிரி...

— மீசை?

— இருந்துச்சு. போறப்ப எடுத்துட்டாரா... கொஞ்சம் இரு, யோசிக்கறேன். சிரிப்பு ஞாபகம் இருக்கு. மாடிப்படி வரைக்கும் கேக்கும் அந்தச் சிரிப்பு. முகம்... அதாங்க்கா, அதாங்க்கா விஷயம்! கனவுல வர்றார், சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு வாசல்ல நின்னு, ஐரிஸ் பூத்துச்சான்னு கேக்கறார். நான் பூத்துச்சுன்னு சொல்லிக்கிட்டே மூஞ்சியைப் பாக்கறேன். அங்க வெளிச்சம் மட்டுந்தான் இருக்கு. நீ வரைஞ்சா ஞாபகம் வந்துருமேன்னு பாத்தேன்.

— அழாத. அழுதா அந்தப் பக்கம் திரும்பி அழு, படத்துல தெறிக்கும். இங்க பாரு, உன் மேல எனக்குப் பாசம் இருக்கு. இருந்தாலும் பாக்காததை வரைய மாட்டேன். அதுவும் நீயே மறந்து போனதை எப்படிடி வரைய?

— தெரியும். நீ மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்.

— இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். இந்தப் பூவெல்லாம் மரினுஸ் தோட்டத்துப் பூ, அவர் கையால நட்டதுன்னுதானே ஒவ்வொரு தடவையும் சொல்லி என் கையில குடுத்தே?

— ஆமா.

— பொய்யி. அணை உடைஞ்சு கடல் தண்ணி ஏறின வருஷமே அந்தத் தோட்டம் உப்புல வெந்து போச்சு. இந்த மூலையில முடங்கிக் கெடந்தாலும் எனக்கும் காது இருக்கு. உப்பு மண்ணுல எந்தக் கிழங்குடி இப்படிப் பூக்கும்?

— எல்லாம் தெரிஞ்சும் வாங்கி வாங்கி வரைஞ்சியா?

— எனக்குப் பூ முன்னால இருந்தாப் போதும். யாரு வேலியில இருந்து வந்ததுன்னு அது எங்கிட்டச் சொல்லாது. நீதான் சொல்லணும்.

— லீவன் குடுத்தது. எல்லாமே. பக்கத்துத் தோட்டம் அவரோடது. நான் அந்த உப்பு மண்ணைப் பாத்துக்கிட்டு நின்ன அன்னிக்கு, வேலிக்கு மேல கையை நீட்டினார். மரினுஸ் படத்துக்குன்னு சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒவ்வொண்ணும் பூக்கறப்ப அப்படியே. குடுத்துட்டு மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருவார்.

— இந்தச் சிவப்புக் கோடு போட்ட டூலிப்பையுமா?

— அதையும். ஊரே வந்து கேட்டுச்சாம் அதை. யாருக்கும் குடுக்கலியாம். அன்னிக்கு ஆலங்கட்டி மழை வேற. தன் தொப்பியைக் கழட்டி அது மேல கவிழ்த்துக்கிட்டுக் கொண்டுவந்தார். எப்பவும் அப்படித்தான். தொப்பி பூவுக்கு, தலை மழைக்கு. முன்னந்தலையில முடி ரெண்டு கோடா ஒட்டிக்கிட்டு இருக்கும், காதுமடல் நனைஞ்சு செவந்து போயிருக்கும், வலது கண் இமையில ஒரு சின்னத் தழும்பு...

— கண்ணு என்ன நெறம்?

— காஞ்ச ஹேசல் கொட்டை மாதிரி பழுப்பு நெறம். இதை எதுக்குக் கேக்கறே?

— சும்மாதான். சரி, சும்மா உக்காரு. குடுவையை ஆரம்பிக்கறேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வரையணும் இதை, பேச்சுக் குடுக்காத.

— மழைச் சத்தம் தூக்கத்தைக் கூட்டிக்கிட்டு வருதுக்கா.

— தூங்கேன். கணப்புப் பக்கமா சாஞ்சுக்கோ. முடிச்சதும் எழுப்பறேன்.

— தூங்கினா அவர் வருவார், முகம் இல்லாம. வேணாம். நான் பூவையே பாத்துக்கிட்டு இருக்கேன்... நெல்லாக்கா, இந்தக் கொத்துக்குள்ள புகுந்து போனா, அந்தப் பக்கம் என்ன இருக்கும்?

— பலகை.

— இல்ல. ஒரு தோட்டம் இருக்கும். எல்லாக் காலமும் ஒரே நாள்ல நடக்கற தோட்டம். பனியும் இருக்கும், பழமும் இருக்கும். மரினுஸும் அங்கதான் இருக்கார். எங்கிட்ட ஒண்ணும் கேக்காம, சும்மா நிக்கறார், பூவைப் பாத்துக்கிட்டு. நல்லா இருக்கார்க்கா. என்னைக் கூப்பிடல.

— மாய்க்கே. ஏ மாய்க்கே. கண்ணு சொருகுதே உனக்கு. எழுந்திரு, முடிஞ்சுது.

— ம்? முடிஞ்சிருச்சா? அய்யோ, தண்ணி! நெஜமாவே தண்ணி நிக்குதுக்கா. குடுவையைக் கையில எடுத்தாச் சில்லுன்னு இருக்கும் போல. ஜன்னல் கம்பி, வாய்க்கால், பாலம் கூடத் தெரியுதே!... இது என்ன, பாலத்து மேல தூரிகை மயிரு ஒட்டிக்கிட்டிருக்கு? எடுத்துரவா?

— கையை எடு! அது மயிரு இல்ல. ஆளு.

— ஆளா? நெல்லாக்கா... நீ போட்டுட்டியா! மாட்டேன்னு சொல்லிட்டு, நான் கண்ணை மூடின நேரத்துல மரினுஸைப் போட்டுட்டியா!

— என்னைப் பத்தி உனக்கு இவ்வளவுதான் தெரிஞ்சுது. கண்ணால பாக்காததை நான் வரைய மாட்டேன்னு எத்தனை தடவை சொல்ல?

— அப்போ இது யாரு?

— அது எனக்குத் தெரியாது. நீ பூ கொண்டுவர்ற ஒவ்வொரு நாளும் அந்த ஆளு பாலத்துல வந்து நிப்பார். நீ உள்ள இருக்கற வரைக்கும் நிப்பார், நீ கிளம்பினா மறைஞ்சுருவார். தூண்டில் போடறவர்னுதான் மொதல்ல நெனச்சேன். தூண்டிலைக் காணோம். வருஷம் பூரா இந்தக் குடுவைக்குள்ள அவர் நின்னுக்கிட்டே இருந்தார். நெஜமா இருக்கறதை எப்படி விடறது? போட்டுட்டேன்.

— இறகுத் தொப்பி இல்லியே.

— தொப்பியே இல்ல. நல்லாப் பாரு. கையில கூடை, கூடைக்கு மேல தொப்பியைக் கவிழ்த்து வெச்சிருக்கார். இந்த மழையில தலை நனையறது கூடத் தெரியாம எந்தக் கிறுக்கன்டா இவன்னு நெனச்சுக்கிட்டேதான் வரைஞ்சேன்... மாய்க்கே? ஏண்டி, மறுபடியும் மூக்கைக் கிட்ட கொண்டுபோறே?

— இந்தப் பாலம் லீவன் போற வழியே இல்லக்கா. அவர் வீடு மதிலுக்கு வெளியில, அந்தக் கோடியில. ஒரு வார்த்தை கேக்கலியேன்னு நான்... ஒரு வருஷமாவா? பனியிலயுமா?

— பனியிலயுந்தான். அன்னிக்குக் கால் மாத்திக் கால் மாத்தி நின்னார்.

— இப்பவும் நிக்கறாரா? திரும்பிப் பாக்க எனக்குப் பயமா இருக்கு. நீ குடுவையைப் பாத்துச் சொல்லு.

— நிக்கறார்.

— நெல்லாக்கா, சாயம் இன்னும் ஈரமாத்தானே இருக்கு?

— ஈரந்தான். ஏன்?

— அப்போ அந்த ஆளை அழிச்சிரு.

— என்னடி சொல்றே? நெஞ்சுல ஈரம் இருக்கா உனக்கு? பாவம், இவ்வளவு நாள் நின்ன மனுஷனை! மாட்டேன். அங்க இருக்கறதைத்தான் நான் வரைஞ்சிருக்கேன்.

— அதனாலதான் அழிக்கச் சொல்றேன்க்கா. என் சால்வையை எடு. நான் போய் அவரை உள்ள கூட்டிக்கிட்டு வரப் போறேன். அப்புறம் உன் குடுவையைப் பாரு, பாலத்துல யாரும் இருக்க மாட்டாங்க.