மாடியில் இருந்த பத்து போன்கள்

"எலே ஸ்டான்லி, கீழ ஓடு! ஓடு மக்கா!"

மொட்டை மாடியில் செல்வின் கத்துகிறான். நான் கீழே சமையலறையில் நிற்கிறேன். கையில் கஞ்சிக் கரண்டி. தலைக்கு மேலே தையல் மெஷின் ஓடுவது போல மெல்லிய சத்தம். சட்டென்று நிற்கிறது. நின்றபோதுதான் அது டிரோன் என்று புரிந்தது.

பிறகு ஒரே ஒரு வெடி. கதவு பெயர்ந்து என்மேல் விழுந்தது. வாயெல்லாம் சிமெண்ட். காதில் விசில். படியேறி ஓடினேன். பாதிக்கு மேல் படி இல்லை. வானம் தெரிந்தது.

என் ஊர் பாறசாலை. சண்டை நடந்த அந்த நாட்டில் தண்ணீர்க் குழாய் வேலைக்குப் போனேன். ஒரே அறையில் ஐந்து பேர். செல்வின் என் மனைவி லதாவின் தம்பி. மணியண்ணனுக்கு ஊர் கள்ளிக்காடு. ஸ்டான்லியும் பிஜுவும் காட்டாக்கடைப் பக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் வீட்டு ஜெபம். ஊரில் யார் வீட்டிலாவது கூடுவார்கள். நாங்கள் போனில் சேர்ந்துகொள்வோம். சிக்னல் மாடியில்தான் கிடைக்கும். மணியண்ணன் கோயிலுக்குப் போகிறவர். அவரும் மாடிக்கு வந்து மகளோடு பேசிக்கொண்டிருப்பார். ஆளுக்கு இரண்டு போன். ஒன்று சொந்தம். இன்னொன்று கம்பெனி கொடுத்தது. அதை அணைக்கக் கூடாது.

அன்று அடுப்பில் கஞ்சி. "பொங்கிரும், பாத்துட்டு வாறேன்" என்றேன். என் இரண்டு போனையும் மாடியில் விரித்த பாயிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். ஊரில் லதா லைனில் இருந்தாள். செல்வின் கத்தியதை அவளும் கேட்டாள்.

உயிரோடு ஊர் வந்து சேர்ந்தேன். டி.வி.யைப் போட்டேன். "பத்துப் பேர் கொண்ட ஆயுதக் குழு அழிப்பு." சேனலை மாற்றினேன். அதே வரி. எங்கள் மாடி இடிந்து கிடக்கிற அதே படம். மலையாளத்திலும் அதுதான், தமிழிலும் அதுதான். முன்பெல்லாம் ஆளுக்கொரு பொய் சொல்வார்கள். ஒத்துப் பார்த்தாவது உண்மையைப் பிடிக்கலாம். இப்போது எல்லாம் ஒரே முதலாளி கையில். நம் போனில் வரும் இணையமும் அவனுடையதுதான்.

போன்கள் எங்கே கூடுகின்றன என்று பார்த்து ஆளைக் குறிக்கிற இயந்திரம் உண்டாம். எங்கள் மாடியைத் தாக்கிய ராணுவத்துக்கு அதை விற்றதும் அதே முதலாளியின் கம்பெனி ஒன்றுதான் என்று நெய்யாற்றின்கரையில் நான் போய்ப் பார்த்த வக்கீல் சொன்னார். மனுஷன் யாரும் பார்க்க மாட்டானா என்று கேட்டேன். கடைசியில் ஒருத்தர் சரி என்று பொத்தானை அமுக்குவாராம். மாடியில் யார் என்று பார்க்க அவருக்கு நேரமில்லையாம்.

அன்றைய ஜெபம் லதாவின் போனில் பதிவாகியிருந்தது. தம்பியின் குரலை நெட்டில் ஏற்றினாள். காப்பி ஆறுவதற்குள் காணாமல் போனது. நெய்யாற்றின்கரையில் சின்னச் சேனல் நடத்துகிறவரிடம் ஓடினேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. "எங்க சேனலையும் வாங்கியாச்சு அண்ணா. இதப் போட்டா எனக்க வேலை போவும்."

ஆரியங்கோட்டுக்குப் போனேன். செல்வின் மனைவி ஷீஜா கதவைப் பாதிதான் திறந்தாள். சந்தையில் யாரோ அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள், "இவளுக்க மாப்பிள தீவிரவாதியாக்கும்."

"அண்ணா, அவரு அங்க என்னதான் செய்தாரு? உண்மையச் சொல்லுங்க."

அவளும் டி.வி. பார்த்திருக்கிறாள். குழாய் மாட்டினான் என்றேன்.

"அப்ப அந்தப் பத்துப் பேரு யாரு?"

வாசலிலேயே நின்று மாடியை மனதுக்குள் பார்த்தேன். பாய். பவர் பேங்க். வரிசையாகப் போன்கள். எண்ணினேன். பத்து. போனைத்தான் ஆளென்று எண்ணியிருக்கிறார்கள்.

இன்றும் வெள்ளிக்கிழமை. உள்ளே ஜெபம் நடக்கிறது. நாலு பேர் சேர்ந்து போனை எடுத்தால் எனக்கு அங்கே இருக்க முடிவதில்லை. வெளியே வந்து ரப்பர் மரத்தடியில் நிற்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஷீஜாவுக்காகச் சொல்கிறேன்.

மாடியில் இருந்தவை பத்து போன்கள். அதில் இரண்டு என்னுடையவை. இருந்த ஆட்கள் நாலு பேர். செல்வின். மணியண்ணன். ஸ்டான்லி. பிஜு. நாலு பேரும் செத்தார்கள். துப்பாக்கி ஒன்றுகூட இல்லை.