ஸ்டேஷனில் இருக்கும் துப்பாக்கி

கிழக்கேகோட்டையில் இருந்து கழக்கூட்டம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த அக்கா, போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் சத்தமாகச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு துப்பாக்கியப் பாக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்காவ."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். இளம்பெண் பதறினாள்:

"அய்யோ! என்ன கேஸு அக்கா?"

"கேஸெல்லாம் இல்ல பிளே. எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்லா? துப்பாக்கி சுடுத போட்டிக்குப் போறவிய ஒப்படைக்க வேண்டாமாம். இவிய துப்பாக்கி கிளப்புல சும்மா ஆசைக்குச் சுடுதவிய. துருப்பிடிச்சிருமோன்னு பயந்து, எண்ணெயும் துணியுமா துடைக்கப் போறாவ."

"போலீஸ்காரன் விடுவானா?"

"விடுவானாவா? சாயா வாங்கிக் கொடுக்கான்! இப்ப ரெண்டு பேரும் சேக்காளி."

"ஒங்க பாடு கஷ்டந்தான்."

"எனக்கென்ன கஷ்டம்? துப்பாக்கி இல்லாம இப்ப ஞாயித்துக்கிழமை கிளப்பு கெடையாதுல்லா? கல்யாணம் முடிஞ்ச பொறவு மொத தடவையா சங்குமுகம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாவ."

"எலெக்‌ஷன் முடிஞ்சா துப்பாக்கி வீட்டுக்கு வந்துருமே அக்கா."

அக்கா ஜன்னல் வழியாகத் தேர்தல் சுவரொட்டிகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இது முடிஞ்சா அடுத்தால என்ன எலெக்‌ஷன் பிளே வருது?"