ஸ்டான்லியின் எட்டு இரும்புக் கைகள்

டோரீன் கெர்ஷா தேநீர் போடும்போது கோப்பையில் பாலை முதலில் ஊற்றிவிடுவார். முப்பது ஆண்டுகளாக அதைச் சுட்டிக்காட்டி வருகிறேன். முப்பது ஆண்டுகளாக அவர் மாற்றிக்கொள்வதாக இல்லை. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. குறை காண்பது எனக்குப் பகையால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது.

இதைப் படிக்கப்போகிறவர் டோரீன்தான். படித்து, தம் கணவர் ஸ்டான்லிக்கு வாய்விட்டுச் சொல்வார். ஸ்டான்லியால் இப்போது எழுத்துகளைப் படிக்க முடிவதில்லை.

என் பெயர் ஆல்வின் தாக்ரே. கீத்லிக்கு அருகே ஓர் இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இறுதிப் பரிசோதகனாக இருந்தேன். நான் வெள்ளைச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட பொருள் வாயிலைத் தாண்டியதில்லை. ஓய்வுபெற்ற பின் ஸ்கிப்டன் கிட் கார் சங்கத்தில் என்னை விரும்பி அழைப்பதும் இதற்காகவே. அடியில் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் மேலுடலையும் புதிதாக வாங்கி, மற்றதையெல்லாம் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி, சொந்தக் கொட்டகையில் தாமே ஒரு காரைக் கட்டிக்கொள்கிறவர்களின் சங்கம் அது. எனக்கும் ஒன்று உண்டு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கினேன். சட்டம் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. அதில் பொருத்தும் தகுதியுள்ள பாகம் இன்னும் அமையவில்லை. சங்கத்தார் ஆண்டுதோறும் ஜூன் மாதம் அந்தச் சட்டத்துக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்புவார்கள். போன ஆண்டு அட்டையில், பதினெட்டு ஆச்சு, இனிமே ஓட்டுப் போடலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை அடுப்புத் திட்டின் மேல் வைத்திருக்கிறேன். நகைச்சுவை எனக்குப் புரியாதென்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்டான்லி ரொட்டிக் கடைக்காரர். இந்தப் பள்ளத்தாக்கில் திருமணமான பாதிப்பேரின் கேக்குக்குச் சர்க்கரைப் பூச்சு போட்டவர். போன ஆண்டு ஆகஸ்டில், பின்பக்கம் இடிபட்ட சிவப்பு மாஸ்டா கார் ஒன்றை வாங்கி வந்தார். முதல் சனிக்கிழமையே, காரின் அடியில் மல்லாந்து கிடந்தபடி, கண் மருத்துவர் சொன்னதை என்னிடம் சொன்னார். பார்வையின் நடுப்பகுதி கரைந்துகொண்டிருக்கிறது. ஓர் ஆண்டு தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அதற்குள் ஒரே ஒரு முறை, கூரையில்லாத தம் சொந்தக் காரில் டோரீனை ரிபிள்ஹெட் பாலம் வரை ஓட்டிச் செல்ல வேண்டும். டோரீன் அதற்கென்று பச்சைத் தலைத்துணி ஒன்றை வாங்கியும்விட்டார்.

"டாக்டர் ஒரு வருஷம்ங்கறாரு. உன் வேகத்துல போனா பதினெட்டு வருஷம் ஆகும்," என்றார் ஸ்டான்லி. "அதனால நீ பாக்க மட்டும் செய். கைய கிய வச்சுடாத."

சொன்னபடியே செய்தேன். நான் கை வைக்கவேயில்லை.

அந்தக் காரில் சக்கரங்களைச் சட்டத்தோடு பிணைப்பவை எட்டு இரும்புக் கைகள்: சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க் கைகளின் நீளப் போல்ட்டுகள் ரப்பர் உறைகளுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவேறி ஒட்டிப்போயிருந்தன. எண்ணெய், சுத்தியல், சூடு, டோரீனின் வசவு எதற்கும் அவை அசையவில்லை. ஸ்டான்லி மூன்று சனிக்கிழமைகள் படுத்தபடியே ரம்பத்தால் அறுத்தார். இடைவேளையில் பழக் கேக்கும் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியும் வரும். கழற்றிய ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பைகளில் இட்டுப் பெயர் எழுதினார். ஆகஸ்டுப் பைகளில் எழுத்துகள் கடுகளவு. செப்டம்பர்ப் பைகளில் விரற்கடை அளவு.

பிறகு கம்பித் தூரிகை, துருக்கொல்லி, செம்பழுப்பு அடிப்பூச்சு, இரண்டு பூச்சுக் கறுப்பு, நடுவே நனைத்த உப்புத்தாள். ஸ்டான்லி கண்ணால் அல்ல, விரலால் வேலை செய்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, கேக்கின் விளிம்பைத் தடவுவது போலவே இரும்பைத் தடவுவார். அவர் இதில் இறங்கியிருந்தபோது எங்கள் செயலாளர் கிளெட்ஹில்லும் இன்னும் இருவரும் சட்டத்தையும் எஞ்சினையும் மின்கம்பிகளையும் தங்கள் கொட்டகையில் ஆயத்தம் செய்தார்கள். நவம்பரில் எல்லாம் முடிந்துவிட்டது. எட்டுக் கைகள் மட்டுமே பாக்கி.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை முதல் கையை என்னிடம் நீட்டினார். சன்னல் வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பார்த்தேன். சாக்பீஸை எடுத்துக் குறி போட்டேன். கீழ்ப்பக்கம் பூச்சுக்கு அடியில் ஒரு பொட்டுத் துரு என்றேன்.

"துருவா, இல்ல உன் கண்ணாடியில ஒட்டுன ஜாமா?" என்றார். ஆனாலும் சுரண்டித் திரும்பத் தொடங்கினார். அவருக்கு என் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை. சக்கரம் நிற்பது இந்தக் கைகளில். நம்பிக்கை வைப்பதில் பிழையில்லை.

ஒரு கையைச் சுரண்டிப் பூசிக் காயவைக்க ஒரு வாரம், சில வேளை இரண்டு ஆகும். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. ஒன்றில் பூச்சு வழிந்திருந்தது. ஒன்றில் ஊசிமுனைத் துளை. ஒன்றில் நிறம் சமமில்லை. கறுப்பில் என்ன சமம் என்று டோரீன் கேட்டார். விளக்கினேன். விளக்கம் நீளமாக இருந்ததால் அவர் பாதியில் எழுந்து துணி உலர்த்தப் போனார்.

வேலைக்கு முன் ஒரு சடங்கும் இருந்தது. இருபது மீட்டர் தொலைவில் நிற்கும் வண்டியின் எண்பலகையைப் படிக்க முடிந்தவரே எங்கள் நாட்டில் கார் ஓட்டலாம். சந்தின் ஓரத்தில் பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் ஆக்டனின் வெள்ளை வேன் நிற்கும். நானே நாடா பிடித்து அளந்து கோடு கிழித்திருந்தேன். சனிக்கிழமைதோறும் ஸ்டான்லி கோட்டில் நின்று படிப்பார். அக்டோபரில் தடையின்றிப் படித்தார். டிசம்பரில் கண்ணைச் சுருக்கினார், ஆனால் படித்தார். பிப்ரவரியில் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால், மெதுவாக, ஏழு எழுத்துகளையும் சரியாகப் படித்தார். இதைக் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அதே பிப்ரவரியில், முன்பக்க இடது கீழ்க் கையை ஐந்தாம் முறையாகக் கொண்டுவந்தார். நான் குறி போடும் ஓசை கேட்டதும் இரும்பை என்னிடமிருந்து வாங்கித் தடவினார்.

"என் விரலுக்கு வழவழன்னுதான்டா இருக்கு," என்றார். "எங்கன்னு காட்டு. என் விரலப் புடிச்சு அங்க வையி."

அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, இரும்புக் கையின் நுனிக்கு அருகே ஓரிடத்தில் வைத்தேன். அவர் முன்னும் பின்னும் தடவினார்.

"இங்கயா?"

"அங்கதான்."

மீண்டும் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு, "ஆமா. இருக்கு. சின்னதா இருக்கு," என்றார்.

அந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்தது அது அவர் கைக்கு எட்ட வசதியாக இருந்ததால். அன்றுமுதல் அவர் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டார். பூசியதும் நேராக என்னிடம் நீட்டிவிடுவார். பரிசோதகனுக்கு அது வேலையை எளிதாக்கியது.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஸ்டான்லி கோட்டில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏழு எழுத்துகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். சாய்க்கவில்லை, சுருக்கவில்லை. பிழை ஒன்றுதான்: ஆக்டன் அந்த வாரம் வேனை மாற்றியிருந்தார். புதியதும் வெள்ளை. ஸ்டான்லி படித்தது பழைய வேனின் எண்.

டோரீன் கோப்பைகளோடு வாயிற்கதவருகே நின்றிருந்தார். சொல்லும் கடமை என்னுடையது என்று கருதினேன்.

"ஸ்டான், அந்த வேன் போயிடுச்சு. இது வேற வேன்."

ஸ்டான்லி சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்தக் கூடாதா இந்த ஆக்டன். மூணு வாரமா உக்காந்து மனப்பாடம் பண்ணிருக்கேன்."

திங்கட்கிழமை ஓட்டுநர் உரிமத்தைத் தபாலில் அரசாங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஆக்டன் மேல் அவருக்குக் கோபமில்லை, என்மேலும் இல்லை. "தப்பு என் கையோடதுதான்," என்று டோரீனிடம் சொன்னாராம். "கை ஒழுங்கா இருந்திருந்தா கிறிஸ்துமஸ்க்கு முன்னாடியே எட்டையும் மாட்டியிருக்கலாம். மார்ச் ஆரம்பத்துல ஓட்டியிருப்பேன்." கணக்கு சரியானது. மார்ச் தொடக்கத்தில் அவர் கண்ணுக்கு எண்பலகை தெரிந்தது.

மே தொடக்கத்தில் கிளெட்ஹில் அந்த எட்டுக் கைகளையும் எடுத்துச் செல்ல வந்தார். ஒன்றைச் சன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு நாலு பேருக்குக் காட்டலாம்," என்றார். "எந்தக் கபோதி இதுக்குக் குறி போட்டான்?" டோரீன் பக்கத்தில் இருந்தார். கிளெட்ஹில் மேற்பூச்சு எதுவும் சேர்க்காமல், சாக்பீஸ் குறியை மட்டும் துடைத்துவிட்டு, எட்டையும் அப்படியே பொருத்தினார். அரசாங்கத் தேர்வாளர் கார் முழுவதையும் முதல் முறையே தேர்ச்சியாக்கினார் என்று கேள்வி. டோரீன் இதை ஸ்டான்லியிடம் சொன்னபோது, கிளெட்ஹில் இரக்கப்பட்டுத் திரும்பப் பூசியிருப்பான் என்று சொல்லிவிட்டாராம்.

அந்த மாதக் கடைசியில் டோரீன் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. மாதா கோயில் சந்தைக்கு ஆண்டுதோறும் கேக் பூசித் தரும் ஸ்டான்லி, இந்த ஆண்டு கடையில் வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டார் என்றார். ரொட்டியில் வெண்ணெய் தடவினால்கூடச் சமமாக இருக்கிறதா என்று தம்மிடம் கேட்கிறார் என்றார்.

"கண்ணு போனது போகட்டும். அதுக்கு யாரும் பொறுப்பில்ல," என்றார். "கையையாவது அவருக்குத் திருப்பிக் குடுங்க, ஆல்வின். நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேம்பார். நீங்க சொன்னாத்தான் நம்புவார். குத்தம் இருந்துதா இல்லையான்னு உங்க கையால எழுதிக் குடுங்க. நான் படிச்சுக் காட்றேன்."

ஆகவே எழுதுகிறேன். குற்றம் இல்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இருபத்து மூன்று முறை குறி போட்டேன். இருபத்து மூன்று முறையும் குற்றம் இல்லை. பொட்டுத் துரு இல்லை, வழிவு இல்லை, துளை இல்லை. பிப்ரவரியில் ஸ்டான்லியின் விரலை நான் வைத்த இடம் கண்ணாடி போல் இருந்தது. அவருடைய விரல் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய். என் பரிசோதனை வாழ்க்கையில் அதைவிட நல்ல கைவேலையைப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பார்வை மங்குகிறவரைச் சாலைக்கு விடுவது ஆபத்து என்று சில காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது நல்ல காரணம். ஆனால் அக்டோபரில் அவர் என்னைவிட வேகமாகப் பலகையைப் படித்தார். ஆகவே அந்தக் காரணத்தை நானே நிராகரிக்கிறேன். எஞ்சியிருப்பது எளிது. கேக் பூசுகிற ஒருவர், பாதிக் கண்ணோடு, எட்டே மாதத்தில் ஒரு காரை முடித்து என் வீட்டு வாசல் வழியாக ஓட்டிப்போக இருந்தார். என் தார்ப்பாய் சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்.

டோரீன் இதை மே மாதம் கேட்டார், இப்போது நவம்பர். சனிக்கிழமைதோறும் என் வீட்டு வேலிக்கு அப்பாலிருந்து, முடிஞ்சுதா என்று கேட்கிறார். இன்னும் கொஞ்சம் என்கிறேன். மாதா கோயில் சந்தை கடைக் கேக்கோடு நடந்து முடிந்தது. ஸ்டான்லி இப்போது தேநீரைக்கூடத் தாமே கலக்குவதில்லை என்று தெரிகிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இவ்வளவு முக்கியமான ஒன்றை அரைகுறையாகக் கொடுப்பது அவருக்கு நான் செய்யும் அவமரியாதை. இது ஒன்பதாம் பிரதி. சற்று முன் சன்னலருகே வைத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் சரியாக அமரவில்லை. திரும்ப எழுதியாக வேண்டும். முதல் எட்டிலும் குறை எதுவும் இல்லையே என்று கிளெட்ஹில் போன்றவர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்குப் பார்க்கத் தெரியாது.