வெறுஞ்சுவரைப் படித்த கண்

அவையை ஆளும் பொறுப்பை ஏற்று, நான் எத்தனை நிமிடம் பேசுவேனோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் சங்கத் தலைவர் அவர்களே. வண்டிகள் கிளம்புவதும் நாங்கள் கிளம்புவதும் தம் கையெழுத்தால்தான் என்று பணிவோடு நினைவூட்டிக்கொண்டே இருக்கும் பணிமனை மேலாளர் ஐயா அவர்களே. விழித்திரை மருத்துவத்தில் வித்தகமும், எங்களைப் போன்ற பிடிவாதக்காரர்களைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மையும் ஒருங்கே வாய்த்த டாக்டரம்மா அவர்களே. ஓய்வு பெற்ற பின்னும் ஹாரன் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கும் மூத்த ஓட்டுநர் பெருமக்களே. வண்டி ஏறிப் போனவர் வீடு திரும்பும்வரை வாசலில் ஒரு காதை வைத்திருக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே. கிரீஸ் கையைத் துடைத்தும் துடைக்காமலும் ஓடிவந்திருக்கும் ஒர்க்‌ஷாப் தோழர்களே. பின்வரிசைத் தூணில் சாய்ந்துகொண்டு "ராகக்காரர் மைக்கைப் பிடிச்சிட்டாருடா, டீயைச் சொல்லு" என்று முணுமுணுக்கும் நடத்துநர்த் தம்பிகளே, உங்கள் அத்தனை பேருக்கும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன இந்த இரண்டு கைகளையும் கூப்புகிறேன்.

டீ வரட்டும். நான் முடிப்பதற்குள் ஆறிவிடும், பரவாயில்லை.

தோழர்களே, இந்த மேடையிலிருந்து இருபது அடி தொலைவில் ஓர் அறை இருக்கிறது. அந்த அறையில் ஒரு கேமரா இருக்கிறது. முகத்தைப் படம்பிடிக்கிற கேமரா அல்ல. கண்ணின் பின்சுவரில் படர்ந்திருக்கும் விழித்திரையைப் படம்பிடிக்கிற கேமரா. அது வந்து இருபது நாள் ஆகிறது. நேற்றுவரை அதன் முன்னால் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? நான்கு பேர். அந்த நால்வரில் ஓட்டுநர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. நாற்பத்தெட்டு ஓட்டுநர்கள் இருக்கிற பணிமனையில் ஒருவர்கூட இல்லை. ஏன்? சோம்பலா? நேரமில்லையா? கேமரா கடிக்குமா?

ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். படத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்கிற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. அந்தப் பயத்துக்குப் பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டு, இந்தப் பணிமனை முழுக்கப் பரப்பியவனே நான்தான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்னை ஏன் ராகக்காரர் என்கிறீர்கள்? நான் பாடகனா? குளியலறையில்கூடப் பாடியதில்லை. ஆண்டுதோறும் நமக்கு ஒரு கண் பரிசோதனை நடக்கும். சுவரில் ஓர் அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. பத்து ஆண்டுகளாக அதே ஆணி, அதே அட்டை, அதே எழுத்து. புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறுவதைப் பார்த்து நான்தான் கடைசி மூன்று வரிக்கு ஒரு மெட்டுப் போட்டேன். ப-ட-ம, க-ள-ர, ந-ய-வ. பாருங்கள், முன்வரிசையில் நான்கு உதடு தானாக அசைகிறது. ஒருவரும் தவறியதில்லை, ஒருவரும் தோற்றதில்லை. பரிசோதனை அறை உதவியாளர்கூட மெட்டுக்குத் தலையாட்டுவார். எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? என்னால் இத்தனை குடும்பத்தில் அடுப்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மெட்டை நான் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். அப்போது நம் பணிமனை ஓட்டுநர்தான். பதினோரு ஆண்டாகச் சர்க்கரை நோய். எந்த வளைவிலும் நின்றுகொண்டு வரும் பயணி தடுமாறாதபடி வண்டியைத் திருப்புகிற கைக்காரர். இன்று காலை அவரிடம் போய், "மாப்ள, உன் கதைய மேடையில சொல்லலாமா?" என்று கேட்டேன். "கதையச் சொல்லு மச்சான், பேரை மட்டும் விட்டுடு" என்றார். விட்டுவிட்டேன் மாப்பிள்ளை. எல்லோரும் திரும்பி உன்னைப் பார்ப்பதற்கு நான் பொறுப்பல்ல.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பரிசோதனை அறைக்கு வெள்ளையடித்தார்கள். அட்டையைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டார்கள். இவர் போய் வழக்கமான நாற்காலியில் வழக்கமான பக்கம் பார்த்து உட்கார்ந்தார். உதவியாளர் இடது கண்ணை மறைத்து, "ம், படிங்க" என்றார். இவர் படித்தார். மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை, ஒரு பிசிறு இல்லாமல், கடைசி மூன்று வரியை என் மெட்டிலேயே படித்தார். எதைப் பார்த்து? ஈரம்கூடக் காயாத வெறுஞ்சுவரைப் பார்த்து.

சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். வாசலில் வரிசையில் நின்ற ஒன்பது பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உதவியாளர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அட்டை உங்க முதுகுக்குப் பின்னால இருக்குண்ணே" என்றார். அப்போதுதான் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், அங்க அட்டை இல்லங்கறதே எனக்குத் தெரியல. ஒரு மாசமா வலது கண்ணுல புகை மண்டின மாதிரி இருக்கு" என்றார்.

நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே. அவர் முதுகுக்குப் பின்னால் தினமும் அறுபது பயணிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நிறைமாதப் பெண்கள். அன்று மாலை அவர் வண்டி நடத்துநரைப் பிடித்து உலுக்கினேன். "எனக்கும் சந்தேகம்தாண்ணே. ஒரு வாரமா வலது பக்கம் பார்த்து நான்தான் சொல்லிட்டு வரேன். அவர் வேலை போயிடுமேன்னு வாயத் திறக்கல" என்றார். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியத்தைப் பார்த்தீர்களா?

டாக்டரம்மாவிடம் ஓடினோம். "கண்ணைப் படம் எடுத்துப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். "வருஷா வருஷம் டெஸ்ட்ல பாஸ் டாக்டர்" என்றார் நம்மவர். அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படத்தைத் திரையில் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் அம்மா மைக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். விழித்திரையில் தலைமுடியை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்தக் குழாய்கள் நைந்து கசிகின்றன. நம் வண்டியில் பழைய ரப்பர் குழாய் நைந்து சொட்டுச் சொட்டாகக் கசியுமே, அப்படித்தான். கசிவு நடுவிழித்திரையில் தேங்கினால் வீக்கம், பார்வை மங்கல். நோய் முற்றினால் புதிதாக நோஞ்சான் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். இதில் கொடுமை என்ன தெரியுமா? தொடக்கத்தில் வலிக்காது. உறுத்தாது. சிவக்காது. எழுத்துக்கூட நன்றாகவே தெரியும். தெரியாமல் போகிற நாளில் நோய் வெகுதூரம் போயிருக்கும்.

வலது கண்ணில் விழித்திரையே இழுபட்டுப் பிரிந்திருந்தது. அறுவை செய்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். இன்னும் ஓர் ஆண்டு முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அம்மா. அந்த ஓராண்டுக்கு முந்தைய பரிசோதனையில் அவரைத் தேற வைத்தது யார்? என் மெட்டு. அன்று வீட்டு வாசலில் என் தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, நீ அவருக்கு நல்லதுதானே சொல்லிக்கொடுத்த?" அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

ஆனால் இடது கண்? அந்த இடது கண்ணின் கதைதான் இன்றைக்கு நான் உங்களிடம் விற்க வந்த சரக்கு. "கண்ணுக்குள்ள ஊசி போடணும்" என்றதும் நம்மவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பெரிய மலையிறக்கத்தில் பிரேக் போன வண்டியை நிறுத்திய மனிதர், ஊசிக்கு நடுங்கினார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, நான் இருமி முடிப்பதற்குள் போட்டு முடித்துவிட்டார்கள். கசிவைத் தூண்டும் பொருளைக் கண்ணுக்குள்ளேயே அடக்குகிற மருந்து அது. முதலில் மாதம் ஒன்று. பிறகு, ஒருமுறை போட்டால் நெடுநாள் தாங்குகிற புதிய மருந்து வந்தது. இப்போது அவருக்கு மூன்றரை மாதத்துக்கு ஓர் ஊசி. வீக்கம் வடிந்துவிட்டதா என்று பார்க்க, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிற ஒளி ஸ்கேன். கத்தியில்லை, ரத்தமில்லை, சில வினாடி. இன்று அவர் செய்தித்தாளை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறார். படித்துவிட்டு அரசியல் பேசுகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

அறிவியல் அங்கேயே நிற்கிறதா? இல்லை. ஊசிக்கு அடிக்கடி வரவேண்டாம் என்று மருந்தைத் தேக்கி மெல்ல மெல்லச் சுரக்கிற குறுஞ்சிமிழைக் கண்ணிலேயே பொருத்துகிறார்கள். பிறவியிலேயே பார்வை தேய்கிற ஒரு பரம்பரைக் கோளாறுக்கு, பழுதான மரபணுவின் நல்ல நகலை விழித்திரைக்கு அடியில் செலுத்துகிறார்கள்; மங்கிய வெளிச்சத்தில் தடுக்கி விழுந்த பிள்ளைகள் சிலர் தாமாக நடக்கிறார்கள். எல்லா நோய்க்கும் அல்ல, எல்லோருக்கும் அல்ல என்று அம்மா கையை உயர்த்துகிறார். சரிங்கம்மா, கூட்டிச் சொல்லவில்லை. நம் அறையில் இருக்கிற கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எடுக்கிற படத்தைக் கணினி அலசி, இவர் மருத்துவரைப் பார்க்க வேண்டியவரா இல்லையா என்று சில நிமிடத்தில் சொல்கிறது. சந்தேகமானதை அம்மா தம் கண்ணால் பார்க்கிறார். அங்கே மனப்பாடம் செல்லாது. மெட்டுச் செல்லாது. என்னைப் போன்ற ஆசான்கள் அங்கே செல்லாக்காசு.

என்ன தம்பி? சத்தமாகச் சொல். "வேலை போச்சுன்னா ராகக்காரரா சோறு போடுவாரு" என்கிறாய். நல்ல கேள்வி. என் மாப்பிள்ளையைத் தகுதியில்லை என்று ஏழு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். மேலாளர் ஐயா, தலையைக் குனியவேண்டாம்; அது உங்களுக்கு முன்னால் இருந்தவர் காலம். அந்த ஏழு மாதத்தை ஒருவரும் மறக்கவில்லை. அதனால்தான் சங்கம் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது, கதவு திறக்கும்வரை கேட்டது. போன வாரம் ஆணை வந்திருக்கிறது. கண்ணில் நோய் தெரிந்தால் வேலைநீக்கம் கிடையாது. சிகிச்சை முடியும்வரை பணிமனைக்குள் மாற்று வேலை. பார்வை தகுதிக்கு வந்தால் திரும்பவும் வண்டி. மாப்பிள்ளை இன்று உதிரிபாகக் கிடங்கில் பொறுப்பாளர்; அது அன்று சங்கம் சண்டை போட்டு வாங்கிய தனிச் சலுகை, இனி அது எல்லோருக்கும் உரிமை.

"காகிதத்துல எழுதினா ஆச்சா?" என்று அடுத்த கேள்வி உங்கள் தொண்டையில் நிற்கிறது. எனக்கும் நின்றது. காகிதத்தை நம்புவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டே இருந்தால் ஆண்டுகள் போகும், கண்ணும் போகும். யாராவது ஒருவர் அதை நடத்திப் பார்க்க வேண்டும்.

எனக்கு ஒன்பது ஆண்டாகச் சர்க்கரை. அட்டையின் கடைசி வரியை மெட்டில்லாமலே படிப்பேன்; அவ்வளவு தெளிவான பார்வை. இன்று பகல் ஒரு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், அந்தக் கேமராவின் முன் உட்கார்ந்தேன். இரண்டு கண்ணிலும் கசிவு. இடது கண்ணில் நடுவிழித்திரைக்குப் பக்கத்திலேயே. "முழுசாப் பார்த்து முடிக்கிற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க" என்றார் அம்மா. மூன்றாவது வரிசையில் என் மனைவி இருக்கிறாள். அவளுக்கும் இந்த நிமிடம்தான் தெரியும். எழுந்திருக்காதே, வீட்டில் போய்த் திட்டு. பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு மெட்டாகிவிடும்.

இதோ என் சட்டைப்பையில் இன்றைய டியூட்டிச் சீட்டு. மாலை ஐந்து நாற்பது வண்டி. மேலாளர் ஐயா அவர்களே, நாற்பத்தேழு ஓட்டுநர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதை உங்கள் கையில் திருப்பித் தருகிறேன். அந்த ஆணையின் முதல் ஆள் நான். அது ஆணையா, வெறும் காகிதமா என்று என்னை வைத்து இவர்கள் தெரிந்துகொள்ளட்டும். பொய்த்தால் நாளைக்கும் இதே மேடை இருக்கிறது, இதே தொண்டை இருக்கிறது.

ஐயா எழுந்துவிட்டார். சீட்டை வாங்கிக்கொண்டார். அவர் சொல்வது பின்னால் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு டைம் ஆபீஸுக்கு வாங்க. அட்டவணை போட ஆள் வேணும், நாற்காலி போட்டு வைக்கிறேன்" என்கிறார். கேட்டுக்கொண்டீர்களா? ஒன்பது மணி. யாராவது இரண்டு பேர் சாட்சிக்கு வாருங்கள்.

கை தட்டாதீர்கள் தோழர்களே. தட்டுகிற கையைக் கீழே போட்டுவிட்டுக் காலை எடுத்து வையுங்கள். கேமரா அறை வாசலில் உங்களுக்கு டோக்கன் கொடுக்க நிற்கப் போகிறவர் என் மாப்பிள்ளை. மாப்பிள்ளை, நீ போய் நில்லப்பா. பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பொறுப்பேற்ற மேலாளருக்கும், கண் கொடுக்கும் டாக்டரம்மாவுக்கும், ஆறிய டீயோடு அமர்ந்திருக்கும் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். ஓட்டுநர்களில் ஒன்றாம் நம்பர் டோக்கன் என்னுடையது, அது முடிந்தது. இரண்டாம் நம்பர் அவர் கையில் இருக்கிறது.