முன்னால் இரண்டு எழுத்து

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் இருந்தால் போதும். நம்மைப் போலக் கால் நீட்ட வேண்டும், ஜன்னலோரம் வேண்டும் என்றெல்லாம் அது அடம்பிடிக்காது. நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி, இந்த இரண்டரையையும் ஐந்தையும் காகிதத்தில் அடுக்கிப் பார்த்ததுதான். சலிப்பான வேலை என்று என் மனைவி சொல்வாள். நான் ஒத்துக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தயாராக இருக்கிறது என்றீர்கள், இன்ஸ்பெக்டர். அக்காவுக்கு இன்று நினைவு தெளிவாக இருக்கிறது, நாளைக்கும் இருக்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னீர்கள். அதற்குள் அவர் இதைக் கேட்டாக வேண்டும், அதுவும் என் வாயால் கேட்க வேண்டும் என்கிறீர்கள். நியாயம். சுற்றி வளைக்காமல் சொல்லப் பார்க்கிறேன். சுற்றி வளைப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது, இடையில் நீங்கள் தாராளமாக நிறுத்தலாம்.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் பிரிவில் வரைபடங்களைச் சரிபார்ப்பவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே. கைப்பையில் எப்போதும் ஒரு முக்கோண ஸ்கேல் இருக்கும், அதனால் 'ஸ்கேல் அக்கா' என்றே பேர் நிலைத்துவிட்டது. கேன்டீனில் பிஸ்கட்டைக்கூட அளந்து பார்த்துத்தான் வாங்குவார் என்று கிண்டல் செய்வோம். "அளந்தா என்ன தப்பு, போன மாசத்தைவிடச் சின்னதாத்தான் இருக்கு" என்று அவரும் சிரிப்பார்.

எனக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. 'ஒரே நாள்.' எந்தக் கோப்பு வந்தாலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். "ஒரே நாள் சார்கிட்ட போயிடுச்சா? அப்ப கவலைய விடு" என்று வெளியில் கட்டடக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். படிக்கட்டில் இறங்கும்போது அது காதில் விழுந்தால் ஒரு படி மெதுவாக இறங்குவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் காரணம் கேட்டீர்களே, இதுதான் காரணம். லஞ்சம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். லஞ்சமாக இருந்திருந்தால் உங்களுக்கும் புரிந்துகொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. வரைபடம் மேசைக்கு வந்தால், ஸ்கேல் வைத்து அளந்து, கணக்கு ஒத்துப்போனால், கோப்பில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். மனதில் ஏதாவது உறுத்தினால் வெறும் 'பார்த்தேன்' என்று எழுதுவோம். காகிதம் என் மேசைக்கு வந்தது, போனது, அவ்வளவுதான், கேள்வி இருக்கிறது, நேரில் வந்து சொல்கிறேன் என்று அதற்கு அர்த்தம். ஆட்சேபணையை மையில் எழுதினால் மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். எழுதாமல் விட்டால் பின்னால் நம் தலை உருளும். நடுவில் கண்டுபிடித்த வழி இது. வெளியாள் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கடைவீதியில் நான்கு மாடி பார்க்கிங் கட்டடம், அங்கிருந்து சாலையைக் கடந்து ரயில் நிலையத்துக்கு ஒரு நடைமேம்பாலம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோப்பு. பாலத்தின் ஒரு முனை, கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வெளியே நீட்டிய ஒரு கான்கிரீட் திட்டின் மேல் உட்கார வேண்டும். முதல் வரைபடத்தில் அந்தத் திட்டு நாற்பது சென்டிமீட்டர். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்த பிறகு, திருத்திய வரைபடம் வந்தது. தூண்களைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் மாடிக்கு மூன்று கார் கூடுதலாக நிற்குமாம். தள்ளியதில் திட்டு இருபத்திரண்டு சென்டிமீட்டராகக் குறுகிவிட்டது. பன்னிரண்டு கார். எனக்கு அந்த எண் பிடித்திருந்தது.

அக்கா கோப்பில் 'பார்த்தேன்' என்று எழுதிவிட்டு என் அறைக்கு வந்தார்.

"சார், அந்தத் திட்டு ரொம்பக் குறைஞ்சிருக்கு. பாலம் வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். இருபத்திரண்டு போதுமான்னு மனசுக்குப் படல. பாலத்த வரைஞ்ச இன்ஜினியர ஒரு வார்த்தை கேட்டுடுவோமே."

"அவங்க கணக்குப் போடாமயா அனுப்பியிருப்பாங்க அக்கா?"

"போட்டிருப்பாங்க. பழைய திட்டுக்குப் போட்டிருப்பாங்க. புதுசுக்குப் போட்டாங்களான்னுதான் கேக்கச் சொல்றேன்."

"கேட்டா ஒரு வாரம் இழுத்தடிப்பாங்க. நாம கார் எண்ணுறவங்க, பாலத்துக்கு ஜாதகம் பாக்குறவங்க இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "உங்க இஷ்டம் சார். நான் 'பார்த்தேன்'னுதான் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை நாலரைக்கு நான் அனுமதியில் கையெழுத்துப் போட்டேன். ஒரே நாள்.

பாலம் பதினான்கு மாதம் நின்றது. நானே பலமுறை அதில் நடந்திருக்கிறேன், மகளையும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். குளிர்காலத்தில் ஒரு காலை, ஏழே முக்காலுக்கு, அந்த முனை திட்டிலிருந்து நழுவிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ். ஒரு தையல்காரர். ஓர் அப்பாவும், பள்ளிச் சீருடையில் அவர் மகளும். நால்வர். அந்தப் பெண்ணின் ஒரு ஷூ மட்டும் பாலத்தின் நின்ற பாதியில் கிடந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தேன்.

அலுவலகத்துக்கு வழக்கம்போலப் போனேன். பன்னிரண்டு மணிக்கு விசாரணைக் குழு வந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். பத்தரைக்கு அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. நாற்பது நிமிடம் அது என்னிடம் இருந்தது. முதல் முப்பத்தைந்து நிமிடம் நான் ஒன்றுமே செய்யவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அக்கா எப்போதும் ஓரக்கோட்டிலிருந்து ஒரு கட்டை விரல் அகலம் தள்ளித்தான் எழுத ஆரம்பிப்பார். அவர் கையெழுத்து நேராக, பெரிதாக இருக்கும். 'பார்த்தேன்.' அதற்கு முன்னால் வெள்ளையாக ஓர் இடம்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் பேனா கொடுப்பார்கள். ஒரே நீல மை. அந்த இடத்தில் 'சரி' என்று எழுதினேன். சேர்த்துப் படித்தால் உறுத்தவே இல்லை. நடுவில் ஒரு மெய்யெழுத்துகூடத் தேவைப்படவில்லை. கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை அவமானமாக இருக்கிறது.

விசாரணையில் அக்கா திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். "நான் 'பார்த்தேன்'னுதான் எழுதினேன். 'சரிபார்த்தேன்'னு எழுதல." கேட்டவர்களுக்கு அது சொல்லை வைத்துத் தப்பிக்கப் பார்ப்பதாகத் தோன்றியது. ஒருவர் சிரித்தேவிட்டார். "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, உங்கள் அலுவலகத்தில் 'சரிபார்த்தேன்' என்றால் என்ன பொருள் என்று கேட்டார்கள். அளந்து, கணக்குப் போட்டு, உறுதி செய்தேன் என்று பொருள் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அக்கா என் அறைக்கு வந்து ஏதாவது எச்சரித்தாரா என்று கேட்டார்கள். நினைவில்லை என்றேன். இது பொய். கையெழுத்து நிபுணர் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவருடையதுதான் என்றார். அவருடையதுதானே.

எனக்கு ஆறு மாதம் பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அவருக்கு ஐந்து வருடம் சிறை.

நான் அவரைக் கைவிடவில்லை. மாதம் ஒருமுறை, முதல் சனிக்கிழமை, போய்ப் பார்ப்பேன். மூக்குக் கண்ணாடி உடைந்தபோது புதிது வாங்கிக் கொடுத்தேன், படிக்கப் புத்தகம் கொண்டுபோவேன். அலுவலகத்திலிருந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "அந்த மனுஷன் தங்கமான மனுஷன்" என்று அவர் தங்கை என்னைப் பற்றிச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். மறுக்கவில்லை.

முதல் வருடம் முழுக்க அவர் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒன்றையே கேட்பார். "சார், நான் எழுதலையே. அப்புறம் எப்படி வந்துச்சு?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. விடை தெரிந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அதனால் இரண்டாம் வருடத்தில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அந்த வாரம் உங்களுக்கு ஜுரம் வேற அக்கா. ஞாபகம் இருக்கா? கண்ணெல்லாம் சிவந்துபோய் உக்காந்திருந்தீங்க."

ஜுரம் வந்தது உண்மை. ஆனால் அது அதற்கு முந்தைய வாரம். நான் அதை ஏழு நாள் தள்ளி வைத்தேன்.

"என் ரூமுக்கு வந்தீங்கன்னு சொல்றீங்க. அது வேற ஃபைலுக்கு அக்கா. அந்த ஆஸ்பத்திரிக் கட்டடம். அதுலதான் திட்டு கம்மியா இருந்துச்சு."

ஒரே நாளில் செய்யவில்லை. அவசரப்படாமல், மாதத்துக்கு ஒரு வாக்கியம் வீதம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் நிதானமாகச் செய்த ஒரே வேலை அதுதான். அவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கட்டும், விடை தெரியாமல் தவிக்கிறாரே என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்ல நினைத்து வந்தேன். அவர் அப்படிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை, நான் உட்கார்வதற்குள்ளேயே சொன்னார். "நான்தான் எழுதியிருக்கேன் சார். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், இப்போ எழுதினது கண்ணுக்குள்ள அப்படியே தெரியுது." அப்புறம், "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தங்கை சொன்னார். வயிற்றில் புண் வந்து, அது வேறொன்றாக மாறி, போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நானாக மனம் திருந்தி வந்ததாக வாசலில் உங்கள் காவலரிடம் சொன்னேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அக்காவை விடுதலை செய்யச் சொல்லி அவர் தங்கை மனு எழுதியிருக்கிறார். கூடவே அந்தக் கோப்புப் பக்கத்தின் படத்தையும் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். அது என் மனைவியின் போனுக்கும் வந்தது. நான் மளிகைச் சீட்டில் வாங்கிய பொருளுக்கெல்லாம் டிக் போட மாட்டேன். 'சரி' என்று எழுதுவேன். அதில் 'ரி'யின் மேல்விலங்கு, கொக்கி மாதிரி பின்னால் வளைந்து தொங்கும். முப்பது வருடமாக அவள் அதைப் பார்க்கிறாள். இன்று காலை சாப்பாட்டு மேசையில் போனையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த 'சரி' உங்களோடது."

நான் சீட்டைத் திருப்பி வைத்தேன்.

"ஐயோ, அந்த அம்மாவப் போய் மாசா மாசம் பாத்துட்டு வந்தீங்களே. அப்புறம் இங்க உக்காந்து எப்படிச் சாப்பிட்டீங்க?"

நான் தட்டைப் பார்த்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன்.

எழுந்திருக்கச் சொல்கிறீர்கள். வருகிறேன். ஆனால் வண்டியில் ஏறும் முன் இன்னொன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர் அறையில் நான் வாயைத் திறந்ததும் நடப்பது உங்களுக்குப் புரியாது.

போன சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரொம்ப மெலிந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடப் பழக்கத்தில் என்னை 'சார்' என்று மட்டுமே கூப்பிட்டவர், அன்று முதல்முறையாகத் 'தம்பி' என்றார்.

"என்னால உனக்கும் கெட்ட பேரு தம்பி. உன் பதவி உயர்வ நிறுத்தி வச்சாங்களே. அந்த நாலு பேருகிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வழியில்ல. உன்கிட்டயாவது கேட்டுக்கிறேன். நீ மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா, நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

இன்று நாம் போய் என்ன சொன்னாலும் அவர் அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துப் பார்ப்பார். அப்போது மறுத்திருக்கலாம், அழுதிருக்கலாம், பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். நான் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, மன்னித்துவிட்டேன் என்றேன். சொல்லும்போது, உண்மையாகவே மன்னிப்பது போலத்தான் எனக்கு இருந்தது.