எதிர்ப்பக்கம் காலியானால்

எனக்குச் சத்தம் ஆகாது, இன்ஸ்பெக்டரம்மா. லாரி நிலையத்து வேப்பமரத்தடியில் டாமே ஆடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட பலகையில் நம் காயைத் தாவவிட்டு எதிராளியின் காயை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாதி ஆட்டம் வாயில்தான் நடக்கும். காயைப் பலகையில் ஓங்கி அறைவார்கள். வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும், வேண்டாம் என்று விட முடியாது. எதிராளி வேண்டுமென்றே ஒரு காயை நீட்டுவான். பொறி என்று தெரிந்தும் போய் விழ வேண்டியதுதான்.

ஃபீஃபி அமிசா அதில் ராஜா. "எக்கோ அண்ணே, வீட்டுல உலை வெச்சுட்டு வந்தீங்களா? அது கொதிக்கறதுக்குள்ள உங்கள அனுப்பி வெச்சிடறேன்" என்று என்னைச் சீண்டுவான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். எனக்கு அவன்மேல் கோபம் வந்ததே இல்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலமானால் அவன் என் வீட்டுக்கு வருவான். அங்கே எங்கள் ஆட்டம் ஒவாரே. ஆளுக்கு ஆறு குழி, குழிக்கு நாலு கழற்சிக்காய். நம் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் காய் எதிராளியின் குழியில் விழுந்து அங்கே இரண்டோ மூன்றோ சேர்ந்தால் அவை நமக்கு. என் மனைவி போன பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்த மனிதன் அவன் ஒருவன்தான். என் வீட்டில் அவன் சத்தமே போட மாட்டான்.

ஒவாரேயில் ஒரு விதி உண்டு. எதிராளியின் பக்கம் காலியாகிவிட்டால், நம்மிடம் இருப்பதிலிருந்து அவனுக்குப் போட்டாக வேண்டும். பட்டினி போட்டு ஜெயிப்பது ஆட்டமே இல்லை. எந்தக் குழியை அள்ளினாலும் அவன் பக்கம் எட்டாது என்றால் மட்டும் ஆட்டம் முடிந்தது, மிச்சமெல்லாம் நமக்கு. இவ்வளவு நியாயமான விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருடம் மழைக்கு முன்னால், பக்கத்து நாட்டு அபிஜான் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றான். பெற்றவர்கள் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. மரத்தடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, பையும் கையுமாக என்னிடம் வந்தான். "கடைசியா ஒரு ஆட்டம் போடலாமா அண்ணே?" அவன்தான் கேட்டான், எழுதிக்கொள்ளுங்கள். ஊரே வழியனுப்பிவிட்ட ஆளை இனி யார் தேடுவார்கள்? வெட்ட வழி இருந்தால் வெட்டாமல் விட முடியாது என்றேன் அல்லவா. என் அப்பாவின் பலகை வீட்டுக்குப் பின்னால் வலைக் கிடங்கில் இருக்கிறது, எடுத்துவா என்றேன். உள்ளே போனான். நான் பூட்டினேன். பையிலேயே விட்டுப்போயிருந்த அவன் போனைக் கடலில் எறிந்தேன்.

கிடங்குக்குச் சிமெண்ட் சுவர், பின்னால் கடல். கத்தினால் வெளியே கேட்காது. கத்தின நாட்களில் சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன், ஆட மாட்டேன். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டான். மரக்கதவுக்கு உட்புறம் ஒரு கம்பிக் கதவு உண்டு. அதன் அடியில் பலகையைச் செருகி, அவன் குழிகள் உள்ளேயும் என் குழிகள் வெளியேயுமாக வைத்து ஆடினோம். இரண்டு வேளையும் புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டை, வறுத்த மீன், மிளகாய்த் துவையல். நான் சாப்பிடாத அன்றுகூட அவன் சாப்பிட்டான். சாவி என் கழுத்தில் தொங்கியது. கடைத்தெருவுக்குப் போனாலும் கால் வீட்டுக்கே இழுக்கும். அடைபட்டது அவன் மட்டும் இல்லை, அம்மா.

வெளியே விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்கும் நான் ஒரு வழி வைத்தேன். லூடோ தெரியுமல்லவா, ஆறு விழுந்தால்தான் காய் வீட்டை விட்டுக் கிளம்பும். பகடையைக் கொடுத்து, ஆறு விழுந்தால் போகலாம் என்றேன். முதல் உருட்டிலேயே ஆறு. ஆறு போட்டவன் மறுபடி உருட்ட வேண்டும். மறுபடியும் ஆறு. பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அதான் ஆறு விழுந்துடுச்சே அண்ணே. கதவத் திறங்க. உங்க கால்ல விழறேன்."

"உருட்டுடா. விதின்னா விதி."

மூன்றாவதும் ஆறுதான் விழுந்தது. தொடர்ந்து மூன்று ஆறு விழுந்தால் எதுவும் செல்லாது. அது நான் வைத்த சட்டம் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை.

போன மாதம் குமாசியில் என் அக்கா புருஷனின் சாவுச் சடங்கு. சனிக்கிழமை அடக்கம், ஞாயிறு ஆராதனை, திங்கள் திரும்பிவிடலாம். போகாவிட்டால் ஊர் வாயில் விழ வேண்டும். அதுவரைக்கும் தாங்குகிற அளவுக்குத் தண்ணீரும் கெங்கேயும் வைத்துவிட்டு, கறுப்புத் துணி கட்டிக்கொண்டு போனேன். அங்கே மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். ஜுரம் விட்டும் எழுந்து நடக்க முடியவில்லை.

"வீட்டுல யாராச்சும் இருக்காங்களா பெரியவரே? போன் போட்டுச் சொல்லட்டுமா?" என்று நர்ஸ் பெண் கேட்டாள்.

தலையணைக்கு அடியில் என் போனும் இருந்தது. மரத்தடி ஆட்களில் யாரைக் கூப்பிட்டாலும் ஓடிப்போய்ப் பூட்டை உடைத்திருப்பார்கள். "யாரும் இல்லம்மா" என்றேன். என் ஆட்டத்தை இன்னொருவன் கையில் எப்படிக் கொடுப்பேன்?

இரண்டு வாரம் கழித்து ஊர் திரும்பிக் கதவைத் திறந்தபோது ஃபீஃபி கம்பியோரமாகக் கிடந்தான். குடம் காய்ந்திருந்தது. பாதியில் விட்டுப்போன ஆட்டம் அப்படியே இல்லை. அவனுடைய ஆறு குழிகளும் காலி. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, தன் காய்களையெல்லாம் என் குழிகளில் போட்டு வைத்திருந்தான். அந்தக் கை வெளியேதான் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

அடைத்தது நான், பூட்டியது நான், வாய் திறக்காமல் படுத்திருந்ததும் நான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். குமாசியிலிருந்து என் கை எட்டவில்லை, எட்டாவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஃபீஃபிக்கு விதி தெரியும். தன் பக்கத்தைக் காலி செய்து, நீங்கள்தான் ஜெயித்தீர்கள் அண்ணே என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் போயிருக்கிறான்.