பச்சை மீன் விருந்து

— என் போனை எதுக்குக்கா வாங்கி உன் பையில போட்டுக்கிற?

— வாசல்லயே அந்தப் பொண்ணு சொல்லிச்சே, காதுல விழலையா? உள்ள போன் பேசக் கூடாதாம்.

— பேசத்தானே கூடாது? வச்சிருக்கவே கூடாதுன்னு சொல்லலையே. நாளைக்குக் காலையில அட்மிஷன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாங்கன்னா?

— கூப்பிட்டா நான் பாத்துக்கறேன். நீ உட்காருடா தம்பி. இடது கையை அப்படி ஊனாதே, குத்தின இடம் இன்னும் நீலமா கிடக்கு.

— நேத்து டயாலிசிஸ்ல புது நர்ஸ். மூணு தடவை குத்திட்டுத்தான் நரம்பைப் பிடிச்சாங்க. விடு, இன்னும் ரெண்டே நாள். வியாழக்கிழமை உன் கிட்னி ஒண்ணு எனக்குள்ள வந்துடுச்சுன்னா இந்தக் கைக்கு ரிட்டயர்மென்ட்.

— ம்.

— என்ன, வெறும் ம்?

— இந்தச் சாப்பாட்டுப் பலகையைப் பாருடா. நீ செஞ்சதுதானே.

— பாக்காம இருப்பேனா? உள்ள வந்ததும் கை தானா போய்த் தடவுது. நாலு வருஷம் ஆச்சு, ஒரு வெடிப்பு இல்ல பாரு. பதினாலடிக்கா, ஒரே மரம். ஒட்டே கிடையாது. பதினோரு நாள் இழைச்சேன். வார்னிஷ் வாடையே வரக் கூடாதுன்னுட்டார் முதலாளி, மீன் வாசனையைக் கெடுத்துடுமாம். அந்தப் பதினோரு நாள்லதான் என் கால் வீங்க ஆரம்பிச்சது. செருப்பு நுழையல. மரத்தூள் ஒத்துக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன், மடையன்.

— அதான் இந்த ஜப்பான் ஓட்டலுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஒரு நாளாவது இதுல உட்கார்ந்து சாப்பிடணும்னு சொல்லிட்டே இருப்பியே.

— சொன்னேன்தான். ஆனா அப்ப சுவரெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. இப்ப கரியை அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு. லைட்டு தட்டுக்கு மட்டும்தான் போல, மனுஷன் மூஞ்சிக்குக் கிடையாது. நட்ட நடுப் பகல்ல பக்கத்துல இருக்கிற உன் முகமே எனக்குத் தெரியல.

— தெரியாட்டி என்ன இப்போ.

— அந்த மூலையில பாரேன், ஒத்தைக் கிளை. ஒரு இலை இல்ல. பட்டுப் போன கிளைக்கு ஒரு ஜாடி, ஜாடிக்குத் தனியா ஒரு லைட்டு. கேட்டா கலைன்னு சொல்வாங்க.

— வணக்கம் மேடம், வணக்கம் சார். இங்க மெனு கிடையாது. ஆளுக்குப் பன்னெண்டு துண்டு. மாஸ்டர் ஒண்ணொண்ணா வெட்டி வைப்பார், நான் வந்து பேர் சொல்றேன். முதல்ல கணவாய். கையாலயே எடுத்து ஒரே வாய்ல போட்டுக்கணும் சார்.

— ஏம்மா, எல்லாமே பச்சையா?

— விலாங்கும் இறாலும் மட்டும் வேக வச்சது சார். மத்ததெல்லாம் பச்சைதான். இன்னைக்குக் காலையில வந்த மீன்.

— அக்கா...

— நீங்க போங்கம்மா. நாங்க சாப்பிட்டுக்கறோம்.

— அக்கா, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? ஆபரேஷன் வரைக்கும் பச்சையா எதுவும் வாய்ல வைக்காதே, வயித்துல ஒரு கிருமி போச்சுன்னா தேதியைத் தள்ளிடுவோம்னாரே? நீயும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே? ஆபரேஷனுக்கப்புறம் ஆயுசுக்கும் கூடாதுன்னார்.

— ஞாபகம் இருக்கு.

— அப்புறம்?

— சாப்பிடு.

— சாப்பிடுன்னா? நான் வேக வச்சது மட்டும் எடுத்துக்கறேன். நீ சாப்பிடு, நான் பலகையைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கேன். தேதி தள்ளிப் போச்சுன்னா என்னால முடியாதுக்கா. நிஜமா முடியாது.

— தள்ளிப் போகாதுடா. எடுத்து வாய்ல போடு. நான் சொல்றேன்ல.

— நீ சொல்ற தொனியே சரியில்ல. சின்ன வயசுல விளக்கெண்ணெய் குடுக்கும்போது இப்படித்தான் சொல்லுவே.

— ஆமா. குடிச்சே, பிழைச்சே.

— சரி, ஒண்ணு. உனக்காக... அடேங்கப்பா! என்னக்கா இது, வெண்ணெய் மாதிரி இறங்குது.

— நல்லா இருக்கா?

— நல்லாவா? ரெண்டு வருஷமா உப்பில்லாத சோறு, அளந்து அளந்து தண்ணி. நாக்குன்னு ஒண்ணு இருக்கிறதே இப்பதான் தெரியுது. நீ ஏன் தொடவே இல்ல?

— எனக்கு இறங்கல. என்னுதையும் நீயே எடுத்துக்க.

— பயமா இருக்காக்கா?

— எதுக்கு?

— ஆபரேஷனுக்குத்தான். எனக்காகக் கத்திக்குக் கீழே படுக்கப் போறது நீதானே. அந்த மாஸ்டர் கையைப் பாரு, எப்படி இழுக்கிறார். அழுத்தவே இல்ல, கத்தி தானாப் போகுது. நம்ம சர்ஜன் இவர்கிட்ட வந்து கத்துக்கணும்.

— வாயை மூடுடா.

— சிரிக்கச் சொன்னா முறைக்கிறே.

— அடுத்தது சூரை மீன் சார், அடிவயித்துப் பக்கம். மேடம், உங்க தட்டு அப்படியே இருக்கே. பிடிக்கலையா? வேற வைக்கச் சொல்லட்டுமா?

— வேணாம்மா. தம்பி சாப்பிடுவான்.

— உன் பைக்குள்ள போன் உறுமுதுக்கா.

— உறுமட்டும்.

— அது என் போன். ஆஸ்பத்திரியாத்தான் இருக்கும். எத்தனை மணிக்கு வரணும்னு சொல்வாங்க. குடு, வெளியில போய்ப் பேசிட்டு வந்துடறேன்.

— உட்காரு.

— அக்கா, என்ன விளையாட்டு இது?

— உட்காருடான்னு சொன்னேன்ல. ஆஸ்பத்திரி அம்மா கூப்பிடற விஷயம் எனக்குத் தெரியும். சாயங்காலம் வரைக்கும் கூப்பிடாதீங்க, நானே சொல்லிக்கறேன்னேன். அதுக்குள்ள அவசரம் அவங்களுக்கு.

— எதைச் சொல்லிக்கறே?

— முதல்ல நீ சொல்லு. அடுத்த மாசம்னு இருந்த தேதியை இந்த வாரத்துக்கு இழுத்தது நீதானே?

— ஆமா. இடம் காலியா இருக்குன்னாங்க, கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். மூணு மூணு நாளைக்கு ஒரு தடவை அந்த மெஷினோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கிறவனுக்குத்தான் தெரியும், ஒரு மாசம்னா என்னன்னு. அதுல என்ன தப்பு?

— தப்புன்னு நான் சொல்லலையே.

— வீட்டுல ஏதாவது பிரச்சினையா? குட்டி எதாவது சொன்னாளா?

— குட்டி என்ன சொல்லணும்?

— இல்ல, சும்மா கேட்டேன். அவளைப் பாத்து மூணு வாரமாச்சு. போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கறா.

— வாரா வாரம் மாமா மாமான்னு ஓடி வர்றவ மூணு வாரமா வரலையேன்னு உனக்குத் தோணலையா?

— பரீட்சை இருக்கும்னு நினைச்சேன்.

— பரீட்சை இல்லடா. கேளு. முந்தாநாள் அவ காலேஜ் பையோட ஜிப் போயிடுச்சு. தச்சுக் குடுக்கலாம்னு மெஷின்ல உட்கார்ந்து பையைக் கவுத்தேன். உள்ளுறையைப் பிரிச்சு, அதுக்குள்ள ஒரு கவரை வச்சு, மறுபடி கையால தச்சிருந்தா. என் பொண்ணுக்குத் தையல் வராது, கோணல் மாணலா போட்டிருந்தா. அதான் கண்ணுல பட்டுச்சு.

— நீ முதல்ல ஒரு துண்டு சாப்பிடுக்கா.

— என்ன கவர்னு கேக்க மாட்டியா?

— என்ன கவர்?

— ஸ்கேன் ரிப்போர்ட். காலேஜ்ல எல்லாருக்கும் பிரஷர் பாத்திருக்காங்க, இவளுக்கு எக்கச்சக்கமா இருந்திருக்கு. ஸ்கேன் எடுத்திருக்காங்க. ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டியா நிறைஞ்சு கிடக்குதாம். உங்க அத்தானுக்கு இருந்த அதே வியாதி. அவர் போகும்போது இவளுக்கு நாலு வயசு. அவரோட சேர்த்து அதையும் கொளுத்திட்டேன்னு நினைச்சேன்டா. அவளுக்குள்ளதான் உட்கார்ந்திருந்திருக்கு.

— அக்கா...

— அவளுக்கு ஸ்கேன் எழுதிக் குடுத்த டாக்டரைப் போய்ப் பாத்தேன். இப்பவே பாதிக்கு மேல போயிடுச்சாம். நாலு வருஷம், மிஞ்சினா அஞ்சு வருஷம், அதுக்கப்புறம் மாத்தித்தான் ஆகணும்னுட்டார். யார் இருக்கா அவளுக்கு? அவங்க அப்பா வீட்டுல பாதிப் பேர் இதே வியாதியில போனவங்க, மீதிப் பேருக்கும் எப்ப வருமோ. பிளட் குரூப் சேர்ற ஆள் நான் ஒருத்திதான். என்கிட்ட இருக்கிறது ரெண்டு. ஒண்ணு நான் உசிரோட இருக்க. இன்னொண்ணு...

— சார், இது கானாங்கெளுத்தி. மேல லேசா நெருப்பு காட்டியிருக்கு. மேடம், உங்களுக்கு டிஷ்யூ தரட்டுமா?

— வேணாம்மா. கொஞ்ச நேரம் எங்ககிட்ட வராதீங்க.

— அக்கா, முழுசாச் சொல்லிடு. எதுக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்தே?

— நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்தைத் திரும்ப வாங்கிட்டேன்டா. குடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன் கிடையாது. அதனாலதான் பச்சையா சாப்பிடுன்னேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, நீ ஆசைப்பட்ட இடத்துல ஒரு வாய் சாப்பிட வச்சுட்டாவது சொல்லலாம்னு... பாவி, நான் பாவி. ஏதாவது பேசுடா. திட்டு. எழுந்து போ. இந்தத் தட்டைத் தூக்கி என் மூஞ்சியில அடி. அத்தான் போனப்புறம் எட்டு வருஷம் அந்தப் பொண்ணை சைக்கிள்ல வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவன் நீ. அவளுக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன். உனக்கு நான் இதைச் செய்யறேன். மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல.

— அழாதே. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும்.

— நான் டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே ஓட்டுவேன். பதிவு பண்ணி வச்சா யாராவது செத்தவங்க கிட்னி கிடைக்கும். கிடைக்கிற வரைக்கும்...

— கிடைக்கிற வரைக்கும் உன் இதயம் தாங்கறது சந்தேகம்னு உன் டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன். உன்னைக் கொல்றேன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன்.

— போதும்க்கா.

— போதாது. நான் பண்ணின இன்னொண்ணு இருக்கு, அதுதான் என்னைத் தூங்க விடல. முந்தாநாள் அவளை அடிச்சுட்டேன்டா.

— குட்டியையா?

— அவங்க அப்பா போனதிலிருந்து ஒரு விரல் பட்டதில்ல அவ மேல. தையல் ஸ்கேலை எடுத்து அடிச்சேன். முதுகு, கை, எங்க பட்டுச்சுன்னே தெரியல. ஏன்டி மறைச்சே, மூணு வாரமா வாயை மூடிக்கிட்டு எப்படிடி எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். உனக்காக மறைச்சிருக்கா. மாமா பிழைக்கட்டும்னு. இருபது வயசுப் பொண்ணுக்குத் தானா தோணுமாடா இது? எவளோ ஒரு சிநேகிதி சொல்லிக் குடுத்திருக்கணும். யார் சொன்னது, பேரைச் சொல்லுன்னேன். ஸ்கேல் உடைஞ்சு போச்சு, பேரைச் சொல்லல. யாரும் சொல்லலம்மா, எனக்கே தோணுச்சும்மான்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. இந்தக் கையை வெட்டிப் போட்டுடலாம் போல இருக்கு.

— நல்லா பட்டுடுச்சா அவளுக்கு?

— வலது கை வீங்கிக் கிடக்கு. ஏன்டா, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? தண்ணி குடிக்கிறியா? தலை சுத்துதா?

— தண்ணி வேணாம்.

— அப்ப என்னைப் பாருடா. ஏன் பலகையையே பாத்துக்கிட்டிருக்கே? அவமேல உனக்குக் கோவமா? பிள்ளைடா அது.

— அவ அந்த ரிப்போர்ட்டை முதல்ல என்கிட்டதான் கொண்டு வந்து காட்டினாக்கா. ஆபரேஷன் முடியற வரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்.